கோபுரம் வெச்சாச்சு, வாசலை எப்ப திறப்பீங்க?

திருச்சி ஏர்போர்ட்டின் புது டெர்மினலைப் பார்க்காதவர்கள் நம்ம காம்பஸில் ரொம்பக் குறைவு. நேரில் போகலைன்னாலும் ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. முகப்பில் கோபுரம், சுவரெல்லாம் ஓவியம், ஸ்ரீரங்கம் கலர், கோலம். கீழே கமெண்டில் "இது நம்ம திருச்சியா?" என்று நூறு பேர். பெருமையாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லலை.

ஆனா ஒரு சின்ன டெஸ்ட். போனை எடுத்து திருச்சியிலிருந்து துபாய்க்கு டிக்கெட் தேடிப் பாருங்க. அப்புறம் அதையே கொச்சியிலிருந்து தேடுங்க. கொச்சியில் எமிரேட்ஸ் வரும், எதிஹாட் வரும், கத்தார் ஏர்வேஸ் வரும், ஏர் அரேபியா வரும். திருச்சியில்? நம்ம ஊரு கம்பெனி விமானம் மட்டும் வரும், இல்லைன்னா கொழும்பு சுத்திப் போற விமானம் வரும். இந்தக் கட்டுரையை எழுதும் நாள் வரைக்கும் வளைகுடா நாட்டு விமானக் கம்பெனி ஒன்றுகூட திருச்சிக்கு வருவதில்லை.

இத்தனைக்கும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத ஊர் டெல்டாவில் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும், தெருவில் ஒரு வீட்டிலாவது "அவரு துபாய்ல இருக்காரு", "பையன் குவைத்துல இருக்கான்" என்பார்கள். நம்ம ஹாஸ்டலிலேயே எண்ணிப் பாருங்க. ஒவ்வொரு விங்கிலும் இரண்டு பேருடைய ஃபீஸாவது அந்தப் பக்கத்திலிருந்து வருது.

அப்புறம் ஏன் அந்தக் கம்பெனிகள் வரலை? கூட்டம் இல்லையா? கட்டடம் பத்தலையா? இரண்டுமே காரணம் இல்லை. காரணம் ஒரு காகிதத்தில் இருக்கு. அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கட்டடத்தின் கணக்கு

முதலில் கையில் என்ன இருக்கு என்று பார்ப்போம்.

2009-ல் திறந்த பழைய டெர்மினலில்தான் நம்ம சீனியர்கள் எல்லாம் பறந்தார்கள். அதன் பரப்பு சுமார் 12,000 சதுர மீட்டர். இரவு நேரத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் விமானங்கள் அடுத்தடுத்து வந்துவிட்டால் இமிக்ரேஷன் வரிசை எப்படி இருக்கும் என்று அவர்களிடமே கேளுங்க, சொல்வார்கள்.

புது டெர்மினலுக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஜனவரி 2-ல் பிரதமர் திறந்து வைத்தார். பயணிகள் பயன்பாட்டுக்கு வந்தது அதே வருடம் ஜூனில். செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். இரண்டு தளம். வருடத்துக்கு 44 லட்சம் பேருக்கு மேல், நெரிசலான ஒரு மணி நேரத்தில் சுமார் 3,500 பேர் வரை தாங்கும். செக்-இன் கவுன்டர் 60, வந்து இறங்குபவர்களுக்கு இமிக்ரேஷன் கவுன்டர் 60, கிளம்புபவர்களுக்கு 44, லக்கேஜ் பெல்ட் 5.

திறந்தபோது வருடத்துக்கு வந்துபோன கூட்டம் இந்தக் கொள்ளளவில் பாதிகூட இல்லை. இதை வெச்சு "வெட்டிச் செலவு" என்று சொல்ல மாட்டேன். விமான நிலையம் அடுத்த பதினைந்து இருபது வருடத்தை நினைத்துத்தான் கட்டணும், இன்றைக்கு வரும் கூட்டத்துக்குக் கட்டினால் நாளைக்கே இடிக்கணும். ஆனா மீதிப் பாதியை எப்படி நிரப்பப் போறோம் என்று யாராவது பேசினாங்களா? கட்டடம் திறந்த அன்றைக்கு வந்த செய்திகளில் கோபுரம் இருந்தது, கோலம் இருந்தது. எந்த ஊருக்கு எந்தக் கம்பெனி புதுசா வரும் என்ற கேள்வி காணோம்.

நாம் சிவில் படிச்சாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சாலும் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பது ஒன்று: ஒரு சிஸ்டத்தின் கொள்ளளவு அதன் அகலமான இடத்தை வெச்சு இல்லை, குறுகலான இடத்தை வெச்சுத்தான். குழாயின் ஒரு முனையை மட்டும் பெரிசாக்கினால் தண்ணீர் கூட வராது. திருச்சி ஏர்போர்ட்டில் பெரிசான முனை டெர்மினல். குறுகலான இடங்கள் இரண்டு இருக்கு. ஒன்று டெல்லியில், இன்னொன்று ரன்வேயின் ஓரத்தில்.

இந்த ஊர் பறக்க ஆரம்பிச்ச கதை

திருச்சிக்கு விமானம் புதுசு கிடையாது. 1938-ல் டாடா கம்பெனி தன்னுடைய தபால் விமானத்தை சென்னையிலிருந்து கொழும்பு வரைக்கும் நீட்டியபோது நடுவில் இறங்கிய ஊர் திருச்சி. தெற்கே போற விமானத்துக்கு ஒரு நடு நிலையம் வேணும், வரைபடத்தில் தமிழ்நாட்டின் நடுவில் நாம் இருக்கோம், அவ்வளவுதான். கடல் தாண்டினால் இலங்கை. ரொம்ப நாளைக்கு இந்த ஊருக்கு வெளிநாடு என்றால் கொழும்பு, யாழ்ப்பாணம் பக்கம்தான்.

பெரிய மாற்றம் வந்தது 2003-ல். அந்த அக்டோபரில் இந்தோனேசியாவின் பாலியில் ஆசியான் நாடுகளோடு நடந்த மாநாட்டில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் ஒரு சலுகை அறிவித்தார். ஆசியான் நாட்டு விமானக் கம்பெனிகள் இந்தியாவில் 18 சுற்றுலா ஊர்களுக்குத் தாராளமா வந்து போகலாம். அந்த 18-ல் கயா இருந்தது, வாரணாசி இருந்தது, கஜுராஹோ இருந்தது. திருச்சியும் இருந்தது.

யோசிச்சுப் பாருங்க. ஸ்ரீரங்கமும் தஞ்சைப் பெரிய கோயிலும் பக்கத்தில் இருப்பதால் "சுற்றுலா ஊர்" என்ற பெயரில் நம்ம ஊர் பட்டியலில் ஏறிவிட்டது. பயணிகள் கேட்டு ஏறவில்லை, ஆய்வு செய்து ஏறவில்லை, பெருமாள் புண்ணியத்தில் ஏறியது.

அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். 2008 டிசம்பரில் மலேசியாவின் ஏர்ஏசியா இந்தியாவுக்குள் முதல் முறையா வந்தபோது எந்த ஊருக்கு வந்தது தெரியுமா? டெல்லி இல்லை, மும்பை இல்லை, சென்னைகூட இல்லை. கோலாலம்பூரிலிருந்து நேரா திருச்சி. அப்புறம் சிங்கப்பூரின் டைகர் வந்தது, இன்றைக்கு அந்த இடத்தில் ஸ்கூட் பறக்குது. மலேசியாவின் மலிண்டோ வந்தது, இப்ப அதன் பெயர் பாட்டிக் ஏர். 2023-ல் வியட்நாமின் வியட்ஜெட் ஹோ சி மின் நகரிலிருந்து வந்தது.

வந்த விமானத்தில் ஏறியவர்கள் யார்? கோயில் பார்க்க வந்த டூரிஸ்டும் உண்டு, சொந்த ஊருக்கு வந்த மலேசியத் தமிழர்களும் உண்டு. ஆனா சீட்டை நிரப்பியதில் பெரும் பங்கு சிங்கப்பூரில் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் போன மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, பெரம்பலூர் ஆட்கள். காகிதத்தில் "சுற்றுலா" என்று எழுதின கதவைத் திறந்துகொண்டு தொழிலாளி போனான்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் 2012 அக்டோபரில் மத்திய அமைச்சரவை லக்னோ, வாரணாசி, மங்களூரு, கோவையோடு சேர்த்து திருச்சியையும் சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்தது. இந்தியாவில் பெரும்பாலான ஏர்போர்ட்களில் உள்நாட்டுப் பயணிகள்தான் அதிகம், வெளிநாட்டுப் பயணிகள் கொஞ்சம். திருச்சியில் கணக்கு தலைகீழ். இங்கே வெளிநாட்டுப் பயணிகள்தான் அதிகம். இது யாரும் திட்டம் போட்டுக் கொண்டுவந்தது இல்லை.

ஒரே ஊர், இரண்டு பட்டியல்

சரி, இப்ப அந்தக் காகிதத்துக்கு வருவோம்.

ஒரு நாட்டு விமானக் கம்பெனி இன்னொரு நாட்டுக்கு இஷ்டம் போலப் பறக்க முடியாது. இரண்டு அரசாங்கமும் இருதரப்பு விமான சேவை ஒப்பந்தம் போட்டிருக்கணும். அதில் இரண்டு விஷயம் எழுதியிருக்கும். ஒன்று, வாரத்துக்கு எத்தனை சீட். இரண்டு, எந்தெந்த ஊருக்கு. இந்த ஊர்ப் பட்டியலுக்கு "பாயின்ட் ஆஃப் கால்" என்று பெயர். பட்டியலில் உன் ஊர் இல்லையா, அந்த நாட்டுக் கம்பெனி உன் ஊருக்கு வர முடியாது. ரன்வே தங்கத்தில் போட்டிருந்தாலும் வர முடியாது.

ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், ஓமன், குவைத் மாதிரி நாடுகளோடு இந்தியா போட்ட ஒப்பந்தங்களில் சென்னை உண்டு. கேரளாவின் கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு உண்டு. ஷார்ஜாவின் ஏர் அரேபியா ரொம்ப வருடமா கோவைக்கு வருது. திருச்சிக்கு அந்த வரிசையில் இடம் கிடைக்கலை.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு விஷயத்தை நிரூபிக்க என்ன செய்வோம்? மற்ற எல்லாத்தையும் அப்படியே வெச்சுக்கிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். திருச்சி ஏர்போர்ட் அப்படி ஒரு பரிசோதனை. அதே ஊர், அதே ரன்வே, அதே மாதிரி வேலைக்குப் போகும் ஆட்கள். கிழக்குப் பக்கம் பட்டியலில் பெயர் இருந்தது, நாலு நாட்டுக் கம்பெனி வந்தது. மேற்குப் பக்கம் பட்டியலில் பெயர் இல்லை, ஒரு கம்பெனியும் வரலை. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

இதன் விலையைக் கொடுப்பது யார்? ஒரத்தநாட்டிலிருந்து ஷார்ஜா போகிற கொத்தனார். திருச்சியிலிருந்து வளைகுடா போகும் விமானங்களை ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் இண்டிகோவும் மட்டும்தான் நேரா ஓட்டுகின்றன. அவர்கள் வெச்சதுதான் நேரம், அவர்கள் வெச்சதுதான் விலை. ரம்ஜான், பொங்கல், பள்ளி விடுமுறை சீசனில் விலை ஏறும்போது அவருக்கு இரண்டு வழி. கேட்ட காசைக் கொடுக்கணும், இல்லைன்னா ராத்திரி பஸ் ஏறி சென்னைக்கு 330 கிலோமீட்டர் போகணும், அல்லது மலை தாண்டி கொச்சிக்குப் போகணும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் மனுஷனுக்கு லீவே முப்பது நாற்பது நாள். அதில் போக வர இரண்டு நாள் பஸ்ஸில் போகுது.

அவசரம் என்றால் இன்னும் மோசம். "அப்பாவுக்கு முடியலை, உடனே கிளம்பி வா" என்று போன் வந்தவனுக்கு அன்றைக்கு ராத்திரி கிடைக்கும் சீட்டுதான் எல்லாம். எங்க விங்கில் ஒரு நண்பனுடைய சித்தப்பா தோஹாவிலிருந்து அப்படி வந்தார். திருச்சிக்கு அன்றைக்கு சீட் இல்லை. கொச்சியில் இறங்கி, கார் பிடித்து, பேராவூரணி வந்து சேரும்போது காரியம் முடிந்திருந்தது. இதை எந்தப் புள்ளிவிவரத்திலும் எழுத மாட்டார்கள்.

"அவங்களை விட்டா நம்ம கம்பெனி என்ன ஆகும்?"

டெல்லியில் இதுக்கு ஒரு பதில் வெச்சிருக்காங்க. அதை நியாயமா சொல்லிவிட்டுத்தான் மறுக்கணும்.

வளைகுடா கம்பெனிகள் திருச்சி ஆளை துபாயில் இறக்குவதற்காக மட்டும் வருவதில்லை. துபாய், தோஹாவில் விமானம் மாற்றி லண்டன், நியூயார்க், டொரன்டோ என்று கொண்டுபோகத்தான் வருகிறார்கள். இந்தியாவின் ஒவ்வொரு சின்ன ஊரிலிருந்தும் பயணிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டால், ஏர் இந்தியாவும் இண்டிகோவும் நீண்ட தூர விமானங்களை எப்படி நிரப்புவார்கள்? அதனால் பெரு நகரங்களைத் தவிர மற்ற ஊர்களைப் பட்டியலில் புதுசா சேர்ப்பதற்கு மத்திய அரசு பல வருடமா தயங்குது.

வாதம் முட்டாள்தனமானது இல்லை. நம்ம ஊரிலேயே பெரிய ஹப் வரணும் என்று நினைப்பது தப்பில்லை. ஆனா மூன்று இடத்தில் இடிக்குது.

முதல் இடி: ஒரத்தநாட்டுக் கொத்தனார் நியூயார்க் போகலை. அவருடைய கடைசி ஊரே ஷார்ஜாதான். அவரைப் பிடித்து வைப்பதால் டெல்லியிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் ஒரு சீட்டும் நிரம்பாது.

இரண்டாவது: இந்தக் காப்பு வளையம் போட்ட காலத்தில் ஏர் இந்தியா அரசாங்கக் கம்பெனி. அதன் நஷ்டம் நம்ம எல்லோருடைய நஷ்டம் என்று சொல்ல இடம் இருந்தது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் டாடாவிடம் போய்விட்டன. இண்டிகோ எப்பவுமே தனியார். ஆக, இன்றைக்கு டெல்டாவின் தொழிலாளி அதிக டிக்கெட் கொடுத்துக் காப்பாற்றுவது இரண்டு தனியார் கம்பெனிகளின் லாபத்தை. போட்டி நல்லது என்று நமக்கு எகனாமிக்ஸ் எலக்டிவில் பாடம் எடுக்கும் நாடு, இங்கே மட்டும் ஏன் பயப்படணும்?

மூன்றாவது: கொச்சிக்கும் கோழிக்கோட்டுக்கும் வளைகுடா கம்பெனிகள் வந்ததால் அங்கே நம்ம கம்பெனிகள் ஓடிப்போகலை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் பெரிய சந்தையே இன்றைக்கும் கேரளாதான். போட்டி இருந்தும் பிழைக்கிறார்கள்.

அப்ப என்ன கேட்கலாம்? "எல்லாக் கதவையும் திறங்க" என்று கேட்க வேண்டாம். சீட் கணக்கு வேற, ஊர்ப் பட்டியல் வேற என்று மேலே சொன்னேன் இல்லையா, அங்கேதான் வழி இருக்கு. வாரத்துக்கு இத்தனை சீட் என்ற கோட்டாவை ஏற்றவே வேண்டாம். ஏற்கெனவே கொடுத்த சீட்டில் கொஞ்சத்தைத் திருச்சிக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்று பட்டியலில் ஒரே ஒரு பெயரைச் சேர்க்கட்டும். நாளைக்கு ஒரு விமானம் என்று வரம்பு வைக்கட்டும். கூட்டம் இல்லைன்னா அந்தக் கம்பெனியே நிறுத்திவிட்டுப் போகும், அரசுக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. கூட்டம் இருந்தால் இத்தனை வருடம் நாம் எதை இழந்தோம் என்று தெரிந்துவிடும்.

ரன்வேயின் கணக்கு

பட்டியலில் பெயர் வந்தால் மட்டும் போதுமா? போதாது. இரண்டாவது குறுகல் ரன்வே.

இதைப் பற்றிப் பேச நம்மைவிடத் தகுதியான ஆள் இல்லை. ஏன்னா ரன்வே கிழக்கு மேற்காகப் படுத்திருக்கு, அதன் கிழக்குப் பக்கம் நேர்கோட்டை ஒட்டி நாம் உட்கார்ந்திருக்கோம். கிழக்கேயிருந்து இறங்கும் விமானம் 3 டிகிரி சரிவில் வரும். பத்து கிலோமீட்டர் தள்ளி அதன் உயரம் என்ன? டேன் 3 போட்டுப் பாருங்க, சுமார் 500 மீட்டர். சாயங்காலம் மொட்டை மாடியில் சக்கரம் தெரியறது அதனால்தான்.

அந்த ரன்வேயின் நீளம் 2,480 மீட்டர். ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி ஒற்றை நடைபாதை விமானங்களுக்கு இது போதும். முந்நூறு பேர் ஏறும் அகல விமானம் முழு எரிபொருளோடும் முழுச் சரக்கோடும் கிளம்ப இது பத்தாது. திருச்சி வெயிலையும் சேர்த்துக்கோங்க. 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரி காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. இறக்கைக்குத் தூக்கு விசை குறையும், எஞ்சினுக்குத் தள்ளு விசை குறையும், அதனால் ஓட வேண்டிய தூரம் கூடும். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் கிளம்பும் விமானத்துக்கு நம்ம 2,480 மீட்டர் இன்னும் குட்டையாத் தெரியும்.

நீளம் என்பது பெரிய விமானத்துக்கு மட்டும் இல்லை, பாதுகாப்புக்கும்தான். 2024 அக்டோபர் 11 சாயங்காலம் ஞாபகம் இருக்கா? 141 பேரோடு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கும் மேலே புதுக்கோட்டைப் பக்கம் வானத்தில் வட்டமடித்தது. தமிழ்நாடே டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தது. ஏன் உடனே இறங்கலை? போயிங் 737-ல் எரிபொருளை வானத்தில் கொட்ட வசதி கிடையாது, எரித்துத்தான் தீர்க்கணும். எடை கூடுதலா இறங்கினால் நிறுத்த வேண்டிய ஆற்றலும் கூடும், நிற்கத் தேவையான தூரமும் கூடும். விமானி நிதானமா எடையைக் குறைத்து, 2,480 மீட்டருக்குள் பத்திரமா இறக்கினார்.

அதுக்கு ஆறு வருடம் முன்னாடி, 2018 அக்டோபர் 12 அதிகாலை, 136 பேரோடு துபாய் கிளம்பிய விமானம் ரன்வே தாண்டியிருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே போய், கடைசியில் மும்பையில் இறங்கியது. அதுக்கு ரன்வே நீளம் காரணம் இல்லை, ஓட்டத்தின் நடுவில் எஞ்சின் விசை குறைந்ததுதான் காரணம். ஆனா எந்த இன்ஜினியரும் "எல்லாம் சரியா நடந்தால் போதும்" என்று டிசைன் செய்வதில்லை. தப்பு நடந்தாலும் தாங்கணும் என்றுதான் மார்ஜின் வைக்கிறோம். ரன்வேயில் மார்ஜின் என்பது மீட்டர்.

3,100 மீட்டருக்கு மேலே நீட்டும் திட்டம் வருடக்கணக்கா பேச்சில் இருக்கு. அதுக்குப் பல நூறு ஏக்கர் நிலம் வேணும். அதில் தனியார் வீடு இருக்கு, அரசு நிலம் இருக்கு, பாதுகாப்புத் துறை நிலமும் இருக்கு. நிலம் எடுத்துக் கொடுக்க வேண்டியது மாநில அரசு, ரன்வே போட வேண்டியது மத்திய அரசின் விமான நிலைய ஆணையம். ஒருத்தர் நிலம் கொடு என்கிறார், இன்னொருத்தர் கொடுத்துக்கிட்டேதான் இருக்கோம் என்கிறார். நடுவில், வீட்டை இடிப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் ஒரு சுவருக்குச் சுண்ணாம்புகூட அடிக்காமல் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. நீட்டணும் என்று சொல்லும் நாம் இதையும் சேர்த்துச் சொல்லணும்: எடுக்கிற நிலத்துக்கு இன்றைய சந்தை விலையும், இழுத்தடிக்காத ஒரு தேதியும் கொடுங்க. ஊரின் முன்னேற்றத்துக்கான பில்லை நாலு தெருக்காரர்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை.

ரிப்பன் வெட்ட முடியாத வேலை

இந்த இரண்டு குறுகலையும் ஏன் யாரும் தொடலை? என் கணிப்பு எளிமையானது. ஒப்பந்தத்தில் ஒரு ஊர் பெயரைச் சேர்த்தால் அதுக்கு ரிப்பன் வெட்ட முடியாது. நில எடுப்புக் கோப்பை முடித்தால் அதன் முன்னாடி நின்று போட்டோ எடுக்க முடியாது. கோபுரம் வைத்த முகப்பை எடுக்கலாம். கட்சி எதுவா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் வேலை முதலில் நடக்குது, காகிதத்தில் இருக்கும் வேலை கடைசியில் நடக்குது. நாமும் அதுக்கே லைக் போடுறோம்.

"எனக்கு என்னப்பா, நான் பெங்களூருதானே போகப் போறேன்" என்று சிலர் நினைக்கலாம். உங்களுக்கும் இருக்கு. துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் எத்தனை ஃபேப்ரிகேஷன் பட்டறை இருக்கு என்று தெரியும். பாய்லர் விமானத்தில் போகாது, சரி. ஆனா ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டு வாடிக்கையாளர் விமானத்தில்தான் வருவார், அவசர உதிரிபாகம் விமானத்தில்தான் போகும். திருச்சியிலிருந்து கிளம்பும் காய்கறியும் பூவும் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் பறக்குது. விமானம் கூடினால் சரக்கு இடம் கூடும், தோட்டக்காரருக்கு விலை கூடும். இந்த ஊரிலேயே ஒரு நல்ல வேலை கிடைக்குமா என்று நாம் கேட்கும் கேள்விக்கும் அந்தப் பட்டியலுக்கும் சம்பந்தம் இருக்கு.

டெர்மினல் வாசலில் ஒரு ராத்திரி நின்று பாருங்க. ஒருத்தர் பறக்கப் பத்துப் பேர் வேனில் வந்திருப்பார்கள். பாட்டி, கைக்குழந்தை, புளிச்சாதம் கட்டின தூக்கு, கயிறு போட்டுக் கட்டின அட்டைப் பெட்டி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போகும்வரை கையாட்டிக்கொண்டு நிற்பார்கள். 44 லட்சம் என்ற கணக்கில் இந்தப் பத்துப் பேர் கிடையாது. ஆனா இந்த ஏர்போர்ட்டை சர்வதேச ஏர்போர்ட் ஆக்கியது அவர்கள்தான். விண்ணப்பம் போட்டு இல்லை, டிக்கெட் போட்டு.

அவர்களுக்கு நாம் திருப்பித் தரக்கூடியது ஒரு கேள்வி. ஓட்டு கேட்டு வரும் எம்.பி. வேட்பாளர் யாரா இருந்தாலும், எந்தக் கொடி பிடித்து வந்தாலும், கேளுங்க: "வளைகுடா ஒப்பந்தத்தில் திருச்சி பெயரை எப்ப சேர்ப்பீங்க?" எம்.எல்.ஏ. வேட்பாளர் வந்தால், "ரன்வே நிலம் எந்தத் தேதியில் கைமாறும்?" இரண்டுக்கும் பதிலா கோபுரத்தைக் காட்டினால், "அது ஏற்கெனவே பார்த்தாச்சுங்க சார்" என்று மரியாதையாச் சொல்லிவிட்டு, மறுபடியும் அதே கேள்வியைக் கேளுங்க.